1947-இல் சேர்ந்தோம், அதற்குப் பிறகு ஏன் நின்றுவிட்டோம்?

நாசரேத்துக்காரி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். செப்டம்பர் 27 வந்தால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோவில்களில் சபை உருவான நாளைக் கொண்டாடுகிறோம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்திருந்தவர்கள் 1947-இல் ஒரே சபையானார்கள் என்று பிரசங்கம் கேட்கிறோம். வீட்டுக்கு வந்தால் கதை வேறு. என் அண்ணன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வேறு சபைக்குப் போய்விட்டார். என் மகளுக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம். தாய்மாமனாக வந்து நிற்க முடியாது என்கிறார். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த வீடு கத்தோலிக்கம். அவர்கள் வருகிறார்கள், ஆனால் பந்திக்கு வர மாட்டார்கள். நான் சொல்வது கோவில் பந்தியை, அதாவது திருவிருந்தை. அசனத்துக்கு, அதாவது சாப்பாட்டுக்கு, எல்லாரும் வருவார்கள்!

யார் சரி என்ற தீர்ப்பு எனக்கு வேண்டாம். அந்தந்தச் சபைக்காரர் தாம் ஏன் அப்படி நம்புகிறார் என்று சொன்னால் போதும். அடுத்தவர் சபைக்கு யாரும் விளக்கவுரை எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அரசரடி எழுதியது:

சகோதரி, உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். நாசரேத், எஸ்.பி.ஜி. என்ற மிஷனரிச் சங்கத்தின் ஊர். பக்கத்து மெய்ஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். என்ற இன்னொரு மிஷனரிச் சங்கத்துடையது. இரண்டுமே ஆங்கிலிக்கன்தான். ஆனால் முதலாவது குருத்துவத்தையும் திருவிருந்தையும் உயர்த்திப் பிடிக்கும் மரபு. இரண்டாவது பிரசங்கத்தையும் தனிமனித மனமாற்றத்தையும் முன்வைக்கும் மரபு. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் ஒரே நாளில் இருவரைத் திருநெல்வேலிக்கு உதவிப் பேராயர்களாக அபிஷேகம் செய்தார்கள்: எஸ்.பி.ஜி. பகுதிக்கு இடையன்குடி கால்டுவெல், சி.எம்.எஸ். பகுதிக்குச் சார்ஜென்ட். ஒரே சபைக்குள்ளேயே இந்த நிலை. அந்தக் கால்டுவெல்லே 1838-இல் இங்கே வந்து இறங்கியபோது காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்த லண்டன் மிஷனரிச் சங்கத்தின் ஆள்; சில ஆண்டுகளில் சங்கம் மாறியவர். கொள்கையை ஆராய்ந்து மாறினார், அது அவருடைய உரிமை. நம் முன்னோர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஆராயும் வாய்ப்பு இருந்தது?

மிஷனரிச் சங்கங்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டன. நாகர்கோவில் லண்டன் மிஷனுக்கு, மதுரை அமெரிக்க மதுரை மிஷனுக்கு, வேலூர் ஆற்காடு மிஷனுக்கு, மன்னார்குடி வெஸ்லியன் மெதடிஸ்டுகளுக்கு. ஆக, பாளையங்கோட்டையில் மனம் திரும்பியவர் ஆங்கிலிக்கன். அதே வேதத்தைக் கேட்டு மதுரையில் திரும்பியவர் காங்கிரிகேஷனல். பேராயர் வேண்டுமா, மூப்பர்கள் போதுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ரயில் பாதைதான் அவர்களுடைய இறையியலை முடிவு செய்தது என்று வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் சிரிப்பார்கள், பிறகு தங்கள் ஊரை எண்ணிப் பார்ப்பார்கள்.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் கூடிய 33 ஊழியர்களை உறுத்தியது இதுதான். இருவரைத் தவிர மற்ற எல்லாரும் இந்தியர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயராக இருந்த வி.எஸ். அசரியா அதில் முதன்மையானவர். நாம் உண்டாக்காத பிரிவினைகளை நாம் ஏன் காக்க வேண்டும் என்பதே அவர்கள் அறிக்கையின் சாரம். கேட்பதற்கு எளிது. அது நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. அசரியா 1945 ஜனவரி முதல் நாள் காலமானார்; சேர்ந்த சபையைப் பார்க்கவில்லை.

கடலோரத்தான் எழுதியது:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! (நாசரேத்து அக்கா, இப்படித்தான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் கத்தோலிக்கப் பக்கத்தைச் சொல்கிறேன். தண்ணீரும், தந்தை மகன் தூய ஆவியின் பெயரும், திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கமும் இருந்தால் அந்தத் திருமுழுக்கு செல்லும். சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரன் சபையிலோ பெற்றவர் எங்களிடம் வந்தால் மறுபடி கொடுப்பதில்லை. உங்கள் மகள் பெறப்போவது எங்கள் கணக்கில் முழுமையான திருமுழுக்கு. ஆகவே உங்கள் நாத்தனார் வீட்டார் மரியாதைக்காக மட்டும் வந்து உட்காரவில்லை. அதை உண்மையென்று ஏற்றுக்கொண்டே வருகிறார்கள்.

பந்தி வேறு. நற்கருணையில் அப்பமும் இரசமும் ஆண்டவருடைய உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது எங்கள் நம்பிக்கை. அதை ஒப்புக்கொடுக்கும் குருவின் அதிகாரம் ஆயர் வழியாக, அப்போஸ்தலர் காலத்திலிருந்து தொடர்ந்து வர வேண்டும். ஒரே பந்தியில் அமர்வது, இந்த நம்பிக்கையில் ஏற்கெனவே ஒன்றுபட்டுவிட்டோம் என்பதற்கு அடையாளம். ஒன்றுபடாமல் அடையாளத்தை மட்டும் போடுவது பொய்யாகிவிடும் என்று எங்கள் திருச்சபை நினைக்கிறது. இதை அகந்தை என்று சிலர் சொல்கிறார்கள். என் தங்கை சி.எஸ்.ஐ. வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், ஞாயிறுதோறும் கணவரோடு கோவிலுக்குப் போய்ப் பந்தி நேரத்தில் மட்டும் இருக்கையிலேயே இருக்கிறாள். அவளுக்கு அது வலிக்கிறது. வலி இல்லாததுபோல் நான் எழுதப்போவதில்லை.

மேலறை எழுதியது:

கர்த்தருக்குள் அன்பானவர்களே. நான் பெந்தெகொஸ்தே சபைக்காரன், இந்த இழையில் வில்லன் வேடம் எனக்கு என்று தெரிந்தே வருகிறேன்.

பிறந்து மூன்று மாதமான குழந்தை விசுவாசிக்கிறதா? இல்லை. மாற்கு 16:16-இல் விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் பிறகு. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி கேட்கிறான், விசுவாசிக்கிறான், இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். எங்களுக்கு இந்த வரிசைதான் எல்லாம். உங்கள் அண்ணன் தம் ஞானஸ்நானத்தை இரண்டாவது என்று எண்ணவில்லை. அதைத்தான் முதலாவது என்று எண்ணுகிறார். மறுஞானஸ்நானம் என்ற பெயர் எங்களுக்கு மற்றவர்கள் வைத்தது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் வளர்ந்தவர்கள் சிலர் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5 அன்று அந்த நகர ஆட்சி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. அந்த ஆட்சி கத்தோலிக்கருடையது அன்று, சீர்திருத்தச் சபையினருடையது! தண்ணீரை விரும்பியவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை. நாங்கள் அவர்களுடைய நேர் வாரிசுகள் அல்ல. பெந்தெகொஸ்தே எழுப்புதல் இருபதாம் நூற்றாண்டினுடையது. ஆனாலும் இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்படி எங்களைக் கேட்காதீர்கள்.

நாசரேத்துக்காரி எழுதியது:

சகோதரர் மேலறைக்கு நன்றி, கோபமாகவே எழுதுகிறேன். எங்கள் ஆச்சி எண்பது வயதுவரை விடியற்காலை ஜெபம் தவறாதவர். குழந்தையில் ஞானஸ்நானம், பதினாறு வயதில் திடப்படுத்தல். அவர் பெற்றது ஞானஸ்நானமே இல்லை என்றால் அவர் யார்? திடப்படுத்தலில் நாங்கள் எங்கள் வாயால்தானே விசுவாசத்தை அறிக்கையிடுகிறோம்? அப்போஸ்தலர் 16:33-இல் சிறைச்சாலைக்காரன் தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றானே, அந்த வீட்டில் தொட்டில் ஒன்றுகூட இருந்திருக்காதா?

மேலறை எழுதியது:

சகோதரி, அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். அவன் தன் வீட்டார் அனைவரோடும் தேவனிடத்தில் விசுவாசமுள்ளவனாகி மகிழ்ச்சியாயிருந்தான் என்று இருக்கிறது. தொட்டில் இருந்தது என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அந்த வசனத்தை வைத்து இரண்டு பக்கமும் ஐந்நூறு ஆண்டுகளாக வாதாடிவிட்டார்கள்.

ஆச்சியைப் பற்றி: ஞானஸ்நானம் ஆகவில்லை என்பதும் இரட்சிக்கப்படவில்லை என்பதும் எங்களில் பலருக்கு ஒன்றல்ல. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எந்த ஆற்றில் முழுக்குக் கொடுத்தார்கள்? ஆச்சியின் விசுவாசத்தை அளக்க நான் யார். சில மேடைகளில் பாரம்பரிய சபையாரை மொத்தமாக நரகத்துக்கு அனுப்பும் பிரசங்கங்கள் கேட்கின்றன. அவற்றுக்காக நான் வழக்காட மாட்டேன்.

சேனைவீரர் மகள் எழுதியது:

உள்ளே வரலாமா? நாங்கள் நாகர்கோவில் பக்கம், இரட்சணிய சேனை. எங்களிடம் ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை. கொடியின் கீழ் நின்று விசுவாச உறுதிமொழி எடுக்கிறோம், அவ்வளவுதான். உள்ளத்தில் கிருபை இருந்தால் போதும், வெளி அடையாளம் கட்டாயமில்லை என்பது எங்கள் நிலை. மற்றச் சபைகளின் அடையாளங்களை நாங்கள் குறைசொல்வதில்லை.

எங்கள் பகுதியில் ரோமன் கத்தோலிக்கம், சீரோ மலபார், சீரோ மலங்கரா, சி.எஸ்.ஐ., லுத்தரன், சேனை, பெந்தெகொஸ்தே எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மேலறை சகோதரர் கணக்கில் குழந்தை ஞானஸ்நானம் செல்லாது. கடலோரத்தான் கணக்கில் செல்லும். இருவர் கணக்கிலும் நான் ஞானஸ்நானம் பெறாதவள்! ஆனாலும் எங்கள் சேனை நடத்தும் கேதரின் பூத் மருத்துவமனைக்கு எல்லாச் சபைக்காரரும் வருகிறார்கள். வாசலில் யாரிடமும் சர்டிபிகேட் கேட்பதில்லை.

அரசரடி எழுதியது:

சேனை மகளே, அருமை. இனி இழைத் தலைப்புக்கு வருகிறேன்.

1947-இல் முடிச்சு பேராயர்தான். ஆங்கிலிக்கன்களுக்குப் பேராயர் கைவைக்காத குரு, குரு அல்ல. காங்கிரிகேஷனல் மரபுக்கோ ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும். அவர்களில் சிலர் குருவாக அல்லாத விசுவாசியும் திருவிருந்து நடத்தலாம் என்று பேச்சுவார்த்தையில் வாதாடினார்கள். ஆங்கிலிக்கன் குரு ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! யார் சரி என்று முடிவு செய்யப் பார்த்திருந்தால் இன்றும் பேசிக்கொண்டிருப்போம். அவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். வரலாற்றுப் பேராயர் முறையை எல்லாரும் ஏற்க வேண்டும். ஆனால் அதற்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களுக்கு மறுபடியும் அபிஷேகம் இல்லை. இனிமேல் வருபவர்களுக்கெல்லாம் பேராயர் கையால். இரண்டு வகைக் குருக்களும் அருகருகே ஊழியம் செய்யும் இடைக்காலம் 30 ஆண்டுகள். மனசாட்சியில் ஏற்க முடியாத குருவை எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை என்று ஓர் உறுதிமொழி.

கொள்கைச் சுத்தம் தேடுபவர்களுக்கு இது சகிக்காது. 1948-இல் கூடிய உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் புதிய சபையை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் சேர மறுத்தே விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தார்கள். அதே நந்தியால் 2013-இல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயரைப் பெற்றது. வரலாறு சில நேரம் குறும்பு செய்கிறது.

என்னைக் கேட்டால், அன்று சேர்ந்தவர்கள் வேறுபாட்டை மறைக்கவில்லை. எங்கே உடன்படவில்லை என்று காகிதத்தில் தெளிவாக எழுதி, அதோடேயே சேர்ந்து வாழக் கெடு வைத்துக்கொண்டார்கள். இன்று ஐக்கியக் கூட்டங்களில் நடப்பது நேர்மாறு. ஜனவரி 18 முதல் 25 வரை ஐக்கிய ஜெப வாரம். நான்கு பாட்டு, ஒரு பொன்னாடை, தேநீர். குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி மேலறையும் நாசரேத்துக்காரியும் இங்கே பேசிய அளவுக்கு அந்த மேடைகளில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

தரங்கைவாசி எழுதியது:

அரசரடி ஐயா 1919 அறிக்கையைச் சொன்னார். அது எங்கள் ஊரில் எழுதப்பட்டது. ஆனால் நாங்கள் சேரவில்லை. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊர், லுத்தரன்களுடைய தாய்வீடு. அதே 1919-இல்தான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் உருவானது.

எங்களுக்குப் பேராயர் சிக்கலே இல்லை. 1921 முதல் தரங்கைப் பேராயர் உண்டு. தடை வேறு. முதலில் சுவிசேஷத்தை ஒரே விதமாக அறிக்கையிடுகிறோமா என்று பார்ப்போம், நிர்வாகம் பிறகு என்பது எங்கள் மரபு. 1530-இல் எழுதப்பட்ட எங்கள் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையை எங்களால் பழைய காகிதமாகக் கருத முடியாது. திருவிருந்தில் கிறிஸ்து மெய்யாகவே பிரசன்னமாயிருக்கிறார் என்பதற்காக லூத்தர் 1529-இல் மார்புர்க்கில் சூரிச் சீர்திருத்தவாதி ஸ்விங்கிலியோடு உடன்படாமல் எழுந்து வந்தார். எல்லா விளக்கமும் செல்லும் என்றால் எங்களுக்கு அது ஒரு விளக்கமும் இல்லாததுபோல்.

ஆனால் மேலறை சகோதரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன சூரிச் கூட்டத்தாரைப் போன்ற அனபாப்டிஸ்டுகளைக் கொன்றதற்கு எங்கள் முன்னோரும் துணைபோனார்கள், இறையியல் நியாயமும் கற்பித்தார்கள். 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லுத்தரன் உலகச் சம்மேளனம் அதற்காக அவர்கள் வழிவந்த மென்னோனைட்டுகளிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கத்தோலிக்கரோடும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கிலேயே நீதிமானாக்கப்படுதலைப் பற்றி ஒரு கூட்டறிக்கை கையெழுத்தானது. அதில் விளக்கியிருக்கும் போதனைமேல் பதினாறாம் நூற்றாண்டுச் சாபங்கள் இனிப் பொருந்தா என்று இரு தரப்பும் எழுதிக்கொடுத்தன. குழந்தை ஞானஸ்நானத்தை நாங்கள் கைவிடவில்லை, மென்னோனைட்டுகள் ஏற்கவும் இல்லை. ஒரே சபையாகாமலும் இவ்வளவு செய்யலாம்.

கல்லறைச்சுவர் எழுதியது:

ஒரு வாரமாகப் படிக்கிறேன். சூரிச், மார்புர்க், ஆக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட். நல்லது. நானும் கத்தோலிக்கன், கடலோரத்தான் அண்ணனோடு ஒரே நற்கருணை, ஒரே திருத்தந்தை, ஒரே ஞான உபதேசம். எங்கள் ஊரில் ஒரே பங்குக்குள் கல்லறைக்கு நடுவே சுவர் நிற்கிறது. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் எங்கள் மக்கள். தேர் எங்கள் தெருவுக்கு வராது. கொள்கையில் இம்மி வேறுபாடு இல்லாத இரண்டு கூட்டம்!

எனவே கேட்கிறேன். பேராயர் கை வைத்தாரா, முழுக்கா தெளிப்பா என்பதெல்லாம் தீர்ந்துவிட்டால் நீங்கள் எல்லாரும் எங்கள் பக்கத்துக் கல்லறையில் அடங்கச் சம்மதிப்பீர்களா?

விருந்தினர் எழுதியது:

இது இழைக்கு வெளியே போகிறது. சாதி சமூகப் பிரச்சினை, நாம் பேசுவது விசுவாச வேறுபாடு. மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

கவனித்தேன். இருக்கட்டும்.

அரசரடி எழுதியது:

விருந்தினரே, விசுவாச வேறுபாட்டின் வரலாற்றைப் பேசினால் சாதி இழைக்கு வெளியே போகாது. ஓர் உதாரணம் தருகிறேன்.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றிலும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து, இருக்கையில் பிரிவு கூடாது. தஞ்சாவூர், திருச்சி, சென்னை வேப்பேரி சபைகளில் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் கவிஞரே எதிர்ப்பில் நின்றார். அடுத்த பத்தாண்டில் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்து சேர்ந்தது. சாதியை அவ்வளவு கடுமையாகத் தொடவில்லை. ஆங்கிலிக்கன் சபையில் மனக்கசப்புற்றிருந்தவர்கள் கணிசமாக அங்கே போனார்கள். தஞ்சைப் பகுதியில் ஆங்கிலிக்கன், லுத்தரன் என்ற கோடு சில குடும்பங்களுக்கு எப்படி விழுந்தது என்று தேடினால் ஆக்ஸ்பர்க் அறிக்கை வருவதற்கு முன்பே உட்காரும் பாய் வந்துவிடும்.

தரங்கைவாசி எழுதியது:

ஐயா சொன்னது எங்கள் சபை வரலாற்றில் உள்ளதுதான், மறுக்கவில்லை. எங்கள் மிஷனரிகள் அதைக் குடிமை வழக்கம், காலப்போக்கில் போதனையால் மறையும் என்றார்கள். மறையவில்லை. ஆனால் எல்லா லுத்தரன்களையும் அந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 1833-க்கு நூறாண்டுக்கு முன்பே லுத்தரன்களாக இருந்த குடும்பங்கள் உண்டு. இன்று எங்கள் சபையில் தலித் மக்கள் பெருமளவில் இருக்கிறார்கள். அவர்களும் ஆக்ஸ்பர்க் அறிக்கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், மனமாரத்தான்.

1969 முதல் மதுரை அரசரடியில் சி.எஸ்.ஐ.யும் நாங்களும் ஒரே இறையியல் கல்லூரியை நடத்துகிறோம். சபைகள் சேரவில்லை, அவற்றின் குருமார் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறார்கள். நிர்வாக இணைப்பைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை.

கடலோரத்தான் எழுதியது:

கல்லறைச்சுவர் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. நம்மிடம் கொள்கை ஒற்றுமை இருப்பதாலேயே நம் குற்றம் பெரிது.

வேறொன்று. கலப்பு மணம் பற்றித் தனிமடலில் இருவர் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இரு தரப்பும் வாக்குறுதி தர வேண்டியிருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கத்தோலிக்கத் தரப்பு மட்டும், தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்களிக்கிறது. மற்றவருக்கு அந்த வாக்குறுதி தெரிந்திருந்தால் போதும். ஆயரின் அனுமதி வேண்டும். இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடமும் சி.எஸ்.ஐ. சேகர குருவிடமும் போய்ப் பேசிவிடுங்கள். மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

மேலறை எழுதியது:

நாசரேத்து சகோதரிக்கு: குழந்தை ஞானஸ்நானத்துக்கு என்னைக் கூப்பிட்டால் வருவேன். சபையார் சொல்லும் பதில்களை மட்டும் சொல்ல மாட்டேன், ஞானப்பெற்றோராக நிற்கவும் மாட்டேன். நம்பாததை வாயால் சொல்வது எங்களுக்குப் பாவம். ஆனால் ஆராதனை முடிந்ததும் குழந்தையைத் தூக்கி ஆசீர்வதித்து ஜெபிக்க எனக்கு ஒரு தடையும் இல்லை. நாங்கள் எங்கள் குழந்தைகளுக்குச் செய்வதும் அதுதான். அண்ணனிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று பிரித்துக்கொண்டு பேசிப் பாருங்கள்.

கல்லறைச்சுவர் சகோதரருக்கு: எங்கள் சபைகளில் சுவர் கிடையாது. எந்தச் சாதியில் பிறந்தவரும் பாஸ்டராகிறார், அவர் பிரசங்கத்துக்கு எல்லாரும் அல்லேலூயா சொல்கிறார்கள். இதைப் பெருமையாகவே எழுத வந்தேன். எழுதுமுன் எங்கள் மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மணமகள் தேவை விளம்பரங்கள். அபிஷேகம் பெற்றவர், நகை அணியாதவர், ஊழிய வாஞ்சையுள்ளவர், அதற்கு அடுத்ததாகச் சாதிப் பெயர்.

கல்லறைச்சுவர் எழுதியது:

அந்தப் பக்கம் எல்லாச் சபைப் பத்திரிகைகளிலும் இருக்கிறது. தனி இழை தொடங்குகிறேன். விருந்தினரும் தம் சபைப் பத்திரிகையோடு அங்கே வரலாம்.